புளுகு சோலைமலையின் ஜப்பான் பெட்டி

லிந்துலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கும் ஜெயந்தினியின் கடைக்கு ஒழுங்கான பெயர்ப்பலகை உண்டு. பச்சை எழுத்தில் ‘ஜெயா இலெக்ட்ரோனிக்ஸ்’ என்று போட்டிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பக்கத்து பேக்கரிக்காரருக்கே தெரியாது. ‘வாக்குமூலக் கடை எங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூடக் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டுவார்.

எல்லாம் மேசையில் கிடக்கும் தடித்த சீஆர் கொப்பியால் வந்த பெயர். டீவியோ, போனோ, ரைஸ் குக்கரோ, அதற்கு என்ன கொடுமை செய்தோம் என்று கொண்டுவந்தவர் தன் கையாலேயே அதில் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜெயந்தினி ஸ்குரூ டிரைவரைத் தொடுவாள். “டொக்டர்கிட்டகூட மறைங்க, எங்கிட்ட மறைக்காதீங்க. டொக்டருக்கு ஸ்கேன் இருக்கு. எனக்கு நீங்க சொல்றது மட்டுந்தான் இருக்கு” என்பாள். ‘ரிமோட்டைச் சாம்பார்ச் சட்டியில் போட்டது நான்தான், வேறு யாருமில்லை. பேச்சியம்மா’ என்று ஒரு பக்கத்தில் இருக்கும். ‘போன் தண்ணீரில் விழவில்லை, தண்ணீர்தான் போனில் விழுந்தது. தர்ஷன்’ என்று இன்னொரு பக்கத்தில். தர்ஷன் எழுதியதன் கீழே ஜெயந்தினி சிவப்புப் பேனையால் ‘பொய்’ என்று எழுதியிருப்பாள். அந்தச் சிவப்புப் பேனைக்குப் பயந்தே பாதிப் பேர் உண்மையை எழுதினார்கள்.

ஜெயந்தினிக்கு இப்போது நாற்பத்தொரு வயது. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு போன் கடையில் சேர்ந்தபோது முதலாளி அவளைக் கவுண்டரில் நின்று சிரிக்கச் சொன்னார். பாவம், சிரிப்பு அவளுக்குச் சட்டென்று வராது. வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று ஒரே மாதத்தில் பின்னாலிருந்த ரிப்பேர் மேசைக்குத் தள்ளிவிட்டார். அது அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று. ஆறு வருடம் அங்கே தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டாள். வந்த நாளிலிருந்து எந்தச் சாமானையும் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பியதில்லை.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலரில் வேலை செய்தவர். தினமும் காலையில் ரோலருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு விரல் போகவில்லை. மகளுக்கு அது போதாதா? கடைக்கு வரும் எந்தச் சாமானுக்கும் நெற்றி எங்கே இருக்கிறது என்று பார்த்து, மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் திறப்பாள்.

சித்திரை கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு சோலைமலை வந்தார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மனிதர், ஐம்பதை நெருங்குகிற வயது. ஈயத்தாளைப் பிரித்தால் உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்று வெள்ளையாய் இருந்து மஞ்சளாய்ப் போன விளையாட்டு மெசின். மற்றது அதற்கான டிஸ்க் தட்டு வாசிக்கிற சிவப்புப் பெட்டி. உள்ளங்கை அளவில் ஒரே ஒரு மஞ்சள் தட்டு, வாசிக்கிற பெட்டியின் வாயில் செருகுவதற்கு.

“ஜப்பான்ல செஞ்சது தங்கச்சி” என்றார்.

“தெரியுது. கொப்பியில எழுதுங்க.”

அவர் யோசித்து யோசித்து எழுதினார். ‘முப்பத்துமூன்று வருடம் அடுப்புக்கு மேலே பரணில் இருந்தது. யாரும் திறக்கவில்லை. உள்ளே எதுவும் போகவில்லை.’ கீழே ஒப்பத்தோடு பெயரையும் எழுதினார்: புளுகு சோலைமலை.

“ஐயோ, என்னண்ணே இது? இப்படியா எழுதுவாங்க?”

“வெறும் சோலைமலைன்னு போட்டா யாருன்னு தெரியாதே. எங்க தோட்டத்துல நாலு பேரு. லொறி சோலைமலை, கோயில் சோலைமலை, நெட்டை சோலைமலை, அப்புறம் நானு.”

பிறகு நின்றபடியே கதையைச் சொன்னார். அவருடைய அப்பா பங்களாவில் சமையல். நீர்மின் வேலை பார்க்க வந்து பங்களாவில் தங்கியிருந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர், ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு வாத்து பாறைக்குப் பாறை தாவிப் பனிமலை ஏறும். ஜெயித்தவர்களின் பெயரும் புள்ளியும் தட்டிலேயே பதிந்து நிற்கும். சிநேகிதன் வீரய்யா அறுபத்தோராயிரம் எடுத்து ஊரெல்லாம் மார்தட்டினான். ஒருநாள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம் சோலைமலை தனியாக விளையாடித் தொண்ணூற்றெட்டாயிரம் எடுத்து மலையுச்சிக்கே போனார். ஓடிப்போய் எல்லாரையும் இழுத்துவந்து பெட்டியைப் போட்டால், பெட்டி செத்துக் கிடந்தது.

“அன்னைக்கு வீரய்யா வச்ச பேரு. அப்புறம் அவன் தங்கச்சியத்தான் கட்டினேன், மச்சானாயிட்டான். பேரு மட்டும் போகல.”

இத்தனை வருடம் சுமந்த பெயரை இப்போது இறக்கி வைக்க ஒரு காரணம் வந்திருந்தது. மகள் கிருஷாந்தி டீச்சர். கல்யாணம் பேசி உடப்புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, ரோட்டில் வழி கேட்டிருக்கிறார்கள். ‘ஓ, புளுகு சோலைமலை வீடா?’ என்று நாலு பேர் அன்பாகக் கூட்டிவந்து விட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா தேத்தண்ணியை மட்டும் பாதியில் வைத்துவிட்டார்.

“அடுத்த கிழமை கல்யாணப் பத்திரிகை அடிக்கணும். எந்தச் சோலைமலைன்னு போடாட்டி ஆளுங்க வீடு மாறிப் போயிருவாங்க. போட்டா எம்மகளுக்கு அசிங்கம். அந்தத் தட்டுல எம்பேரு இருக்கு தங்கச்சி. அத மட்டும் காட்டிருங்க.”

ஜெயந்தினிக்கு நெஞ்சு இளகிவிட்டது. முகம் இளகவில்லை, அது இளகுகிற முகமில்லை. “போயிட்டு வாங்க, கூப்பிடுறேன்” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். அவசரத்தில் சந்தனத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போயிற்று. சிவப்புப் பெட்டிக்கு நெற்றி, தட்டு செருகுகிற வாய்க்கு நேர் மேலே. அங்கே ஒரு பொட்டு வைத்தாள்.

திறந்ததுமே ஒரு நோய் தெரிந்தது. மோட்டரையும் தட்டையும் இணைக்கிற ரப்பர் பெல்ட், அன்றைக்கே அறுந்து, பிறகு அடுப்புச் சூட்டில் உருகித் தொதல் அல்வா மாதிரிக் கருப்பாய் ஒட்டிக்கிடந்தது. குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்துச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போனது. பழைய கெசட் பிளேயர் ஒன்றிலிருந்து அளவான பெல்ட் பிடுங்கிப் போட்டாள். ஜப்பான் மெசினுக்கு நம்மூர்க் கரண்ட் அதிகம் என்று டிரான்ஸ்போமர் தேடி வைத்தாள். மோட்டரின் வேகத்தைச் சின்ன ஸ்குரூவால் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தாள். தட்டு அழகாகச் சுற்றியது. மேலே மூடியைப் பூட்டி, தட்டைச் செருகி, டீவியைப் போட்டாள்.

திரையில் ஒன்று என்ற இலக்கம் வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தாள். ஒன்று என்றால், தட்டு போடப்படவில்லை என்று அர்த்தமாம்.

“போட்டிருக்கேன்ல! கண்ணு தெரியலயா ஒனக்கு?” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து இன்னொரு பொட்டு வைத்துத் திறந்தாள். தட்டைத் தடவி வாசிக்கிற முனையைத் துடைத்தாள். ஒயர்களை மறுபடி பற்றாசு வைத்தாள். மறுபடியும் ஒன்று. மூன்றாம் நாள் கொஞ்சம் தாராளமாகவே பொட்டு வைத்தாள், கூடவே விபூதியும். அதற்கும் ஒன்று. நாலாம் நாள் அவளுக்குச் சாமி மேலேயே கோபம் வந்தது. பெல்ட் சரி, மோட்டர் சரி, முனை சரி. அப்படியென்றால் கொப்பிதான் சரியில்லை. போனை எடுத்தாள்.

“அண்ணே, உண்மைய எழுதல நீங்க. யாரோ உள்ள கைய வச்சிருக்காங்க.”

“இல்ல தங்கச்சி. ஒருத்தரும் தொடல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு சோலைமலை மெதுவாகப் போனை வைத்தார்.

ஜெயந்தினி சிவப்புப் பேனையை எடுத்து அவருடைய வாக்குமூலத்தின் கீழே ‘பொய்’ என்று எழுதினாள். பேக்கரியில் நின்ற யாரோ அதைப் பார்த்திருக்க வேண்டும். பின்னேர பஸ்ஸிலேயே சேதி தோட்டத்துக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலை வாய்ப்பக்கத்து மூடியை முழுசாகக் கழற்றினாள். குப்பென்று வாசம் வந்தது. சந்தன வாசம்! தட்டு உள்ளே வந்ததா என்று தொட்டுப் பார்க்கிற குட்டி சுவிட்ச் ஒன்று அங்கே இருக்கிறது. அதைச் சுற்றி மஞ்சளாய் அப்பிக்கிடந்தது. சுவிட்ச் அசையவே முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது.

‘ஆகா, மாட்டினியா! ஆயுத பூஜை கொண்டாடியிருக்காங்க இதுக்கு!’ என்று துள்ளினாள். உடனே போன் போட்டாள்.

“கள்ளன் பிடிபட்டான் அண்ணே! உள்ள என்னமோ அப்பிக்கிடக்கு. இப்பவே வாங்க. மச்சானையும் கூட்டிட்டு வாங்க.”

போனை வைத்துவிட்டு, சவணம் என்கிற குட்டி இடுக்கியால் அந்த மஞ்சளை நோண்டினாள். மேலே காய்ந்திருந்தது. அடியில் ஈரம். முப்பத்துமூன்று வருடத்துச் சந்தனத்துக்கு ஈரம் எப்படி இருக்கும்? ஓரத்தில் விபூதியும் கலந்திருந்தது. சவணம் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். மோதிர விரல் நுனி அதே மஞ்சள்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் காது வரைக்கும் சுட்டது. வைத்த பொட்டெல்லாம் வாய்க்குள் வடிந்திருக்கிறது. தட்டைச் செருகச் செருக அதை உள்ளே தள்ளியிருக்கிறாள். ஒரு நல்ல மனிதரைப் புளுகன் என்று சிவப்பு மையில் எழுதி வேறு வைத்திருக்கிறாள்.

துடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் துடைத்தாள். சுவிட்ச் டிக் என்று அசைந்தது. பஞ்சைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. ‘பூச்சி கூடு கட்டியிருந்துச்சு’ என்று சொல்லிவிடலாம். பூச்சி வந்து கொப்பியிலா எழுதப் போகிறது? அப்படியும் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் அது புளுகு.

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டு வந்தார். வீரய்யா தொப்பையை முன்னால் விட்டுக்கொண்டு வந்தார். கொப்பியைத்தான் முதலில் பார்த்தார்.

“நான் என்ன சொன்னேன்? இந்தா, செவப்புல எழுதியிருக்கே! ரிப்பேர் பண்றவங்ககிட்டயும் புளுகியிருக்கான்.”

“கொஞ்சம் சும்மா இருங்கண்ணே” என்று ஜெயந்தினி தட்டைச் செருகினாள்.

பெட்டி கரகரவென்று இருமியது. திரையில் இலக்கம் வரவில்லை. ஒரு வாத்து வந்தது, பனிமலை வந்தது, பிறகு பெயர் வரிசை வந்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மேலே, ஆங்கில எழுத்தில் சோலை, தொண்ணூற்றெட்டாயிரத்து நானூறு. அதன் கீழே வீரய்யா, அறுபத்தோராயிரம்.

சோலைமலை கையைக் கூப்பிக்கொண்டு டீவிக்கு முன்னால் நின்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

வீரய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். “சரி, புள்ளி சரிதான்” என்றார். “ஆனா உள்ள எதுவும் போகலன்னு எழுதினது புளுகுதானே? உள்ள என்னமோ இருந்துச்சாமே. அப்ப பேரு அப்படியே இருக்கட்டும்.”

சோலைமலையின் கை கீழே இறங்கியது. முப்பத்துமூன்று வருடம் பேசிக் களைத்த மனிதர்.

ஜெயந்தினி குப்பைக் கூடையிலிருந்து மஞ்சள் பஞ்சை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்திலேயே தன் மோதிர விரலையும் வைத்தாள்.

“உள்ள இருந்தது என் சந்தனம். தண்ணியாக் கரைச்சு, தெனம் ஒன்னா நானே ஊத்தியிருக்கேன். இவரு எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. பொய் எழுதினது நானு.”

பேக்கரிக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் நல்லதுதான், பின்னேர பஸ்ஸில் இந்தச் சேதியும் போகுமே. ஜெயந்தினி கொப்பியை இழுத்து, சிவப்புப் ‘பொய்’யை அடித்தாள். கீழே தன் கையால் எழுதினாள்: ‘பெட்டிக்குள் சந்தனம் போட்டது நான்தான், வேறு யாருமில்லை. ஜெயந்தினி.’ அந்தக் கொப்பியில் அவள் எழுதிய முதல் வாக்குமூலம் அது.

“மன்னிச்சிருங்கண்ணே” என்றாள்.

“ஐயையோ, சாமி சந்தனந்தானே தங்கச்சி. வாத்துக்கும் ஒரு பொட்டு வச்சோம்னு நெனச்சுக்கலாம்” என்று சோலைமலை சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேக்கரிக்காரர் அப்படியொரு காட்சியை அதுவரை கண்டதில்லை.

சாமானைத் திருப்பி வாங்குகிறவர்கள் மறுபடியும் பெயர் எழுத வேண்டும் என்பது கடை வழக்கம். சோலைமலை பேனையை எடுத்தார். முன்னால் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு ‘சோலைமலை’ என்று எழுதினார். பேனை அந்த வெற்றிடத்துக்கு மேலே நின்றது. நாலு சோலைமலையில் எந்தச் சோலைமலை? அவர் மச்சானைப் பார்த்தார்.

வீரய்யா ரோட்டைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“ஜப்பான்னு போடு” என்றார். “பத்திரிகையிலயும் அப்படியே அடிச்சிரு. யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”