மீன்கள் வாய் திறந்திருந்த காலை

போன ஐப்பசியில், சூலூருக்குத் தெற்கே என் அக்காவின் தோட்டத்தில் இருக்கும் பண்ணைக்குட்டையில் நடந்தது இது. அக்காவும் மாமாவும் பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் நான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குட்டை வெங்காயத்துக்குத் தண்ணீர் தேக்கி வைக்க வெட்டியது. அதில் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டது அக்காவின் யோசனை. "தறி ஓட்டற ஊட்டுல மீனு எதுக்கு?" என்று, விசைத்தறித் தொழிலிலேயே ஊறிய அவள் மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் தடவை நல்லபடியாகப் பிடித்துக் காட்டினால் குட்டை அக்காவின் பொறுப்பு, இல்லையென்றால் மறுபடியும் வெங்காயத்துக்கு மட்டும் என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை வலைக்காரர்கள் வருவதாக இருந்தது.

எனக்கு மீன் மேல் ஆர்வம் வந்தது வேறு வழியில். நான் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவள். அலுவலகத் தோழி ஒருத்தி ஃப்ளை ஃபிஷிங் பழகியிருந்தாள். மண்புழு கிடையாது, நூலையும் இறகையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்து, அதை வீசிப் பிடிப்பது. அவளோடு இரண்டு முறை பொன்னானிப் பக்கம் கழிமுகத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே உல்லம் இனத்தைச் சேர்ந்த சிறு மீன்கள், கடல்நீர் ஏறிவரும் ஓதத்தில் மேல்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்தபடியே நீந்தின. பெரிய பொய்ப்பூச்சி எதையும் அவை சட்டை செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தண்ணீரோடு வாங்கி, செவுளில் வடிகட்டித் தின்கின்றன என்று தோழி சொன்னாள். அதன்பிறகு அரிசி அளவில் வெள்ளை நூல் சுற்றிய ஒன்றைக் கட்டி, இழுக்காமல் ஓட்டத்தோடு மிதக்கவிட்டேன். ஒரு மீன் அதைக் கவ்வியது. அதை விடுவித்துவிட்டு, கற்றுக்கொண்டதை எண் போட்டு கைபேசியில் எழுதி வைத்தேன். முதல் வரி: மேலே வந்து வாய் திறந்தால் தின்கிறது. இரண்டாவது: கவ்வவில்லையென்றால் பூச்சியைச் சிறிதாக்கு.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குட்டைக்குப் போனேன். மூன்று நாளாக மூடிய வானம், காற்று துளியும் இல்லை. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. குட்டை முழுவதும் மீன்கள் மேலே நின்று, வட்ட வட்டமாக வாயைத் திறந்து திறந்து மூடின. இவ்வளவு பெரிய கட்லாக்களை நான் அதுவரை அங்கே பார்த்ததே இல்லை. அச்சு அசல் கழிமுகத்தில் பார்த்த காட்சி. பாவம், நல்ல பசி போலிருக்கிறது என்று அக்கா வேளைக்கு ஒரு பங்காக அளந்து வைத்திருந்த தீவனத்தில் இரண்டு பங்கை ஒரேயடியாகப் போட்டேன். பிறகு, கூடவே கொண்டுவந்திருந்த தூண்டில் கோலை எடுத்தேன்.

எதுவும் கவ்வவில்லை. சிறியதாக மாற்றினேன். அதைவிடச் சிறியது. வெள்ளை, பச்சை, கடைசியில் வெறும் நூல். வாய்க்கு நேராகப் போய் நின்றாலும் மூக்கால் தள்ளிவிட்டன. இதுவே எனக்குப் பெரிய புதிராகி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் சந்தோஷமாகப் போனது. அப்புறம்தான் தீவனம் போட்ட இடத்திலேயே ஊறி மிதப்பதைக் கவனித்தேன். கரையோரம் போய் நின்றேன். நான் மேலே குனிந்தும் ஒரு மீன்கூட விலகவில்லை. கையைத் தட்டினேன். அப்போதும் அப்படியே நின்றன. ஒரு கட்லா மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது.

அக்காவை வீடியோவில் அழைத்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே பட்டுச்சேலையில் வந்தாள்.

"என்னம்மணி, முகூர்த்த நேரத்துல?"

"மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குதுங்கக்கா. ஆனா எதையும் திங்க மாட்டேங்குது."

கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். அவள் முகம் மாறியது. "திங்கறதுக்கு வரலை கண்ணு, மூச்சுக்கு வந்திருக்குது! தீவனம் போட்டயா?"

"போட்டனுங்க."

"எத்தன?"

"ரெண்டு பங்கு."

"செரி, மோட்டாரப் போட்டுத் தண்ணியத் தெளி, காத்துக் கலக்கட்டும்."

மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் ஒன்பது மணிக்குத்தான் வரும். கொட்டகையில் மருந்து தெளிக்கும் பவர் ஸ்ப்ரேயர் இருக்கிறதே, அதில் அடிக்கட்டுமா என்று கேட்டேன். "அய்யோ, அதுல மருந்து ஊத்துனதாச்சே! மிச்சமிருக்கறதையும் கொன்னுபோடாத! வாளியில மோந்து மோந்து ஊத்து, நான் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் பண்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

வாளியில் கயிறு கட்டி, இழுத்து, உயரத்திலிருந்து ஊற்றினேன். என் இரண்டு கைக்கு அந்தக் குட்டை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் மணி நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா, மினி டிராக்டரில் டீசலில் ஓடும் ஆயில் இன்ஜின் பம்பை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டி வந்தார். கரையில் சாத்தியிருந்த தூண்டில் கோலைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, அது மூச்சு முட்டிக் கெடக்குது, நீங்க அதுக்கு வெளையாட்டுக் காட்டிட்டு இருந்தீங்களாக்கும்?"

கோலை எடுத்து ஓரமாகப் போட்டேன். "அந்தத் தக்காளி கிரேட்டை எடுங்க" என்றார். குட்டைத் தண்ணீரை உறிஞ்சி அதிலேயே திருப்பிக் கொட்டும் குழாயின் வாய்க்குக் கீழே, இரண்டு கம்புகளில் அந்தக் கிரேட்டைக் கட்டினோம். அதன் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மழையாகக் கொட்டியது. நான் வலைக்கரண்டியால் ஊறிய தீவனத்தை அள்ளி அள்ளி வெளியே போட்டேன். அரை மணி நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக அந்த மழைக்குக் கீழே வந்து கூடின. எட்டரை மணி வாக்கில் ஒன்று சடாரென்று வாலை அடித்து உள்ளே போனது. அதன்பின் மற்றவையும் இறங்கின.

செத்தவை பதினெட்டு. எல்லாமே பெரிய கட்லா. கரையில் வரிசையாக எடுத்து வைத்தேன்.

பச்சைத் தண்ணீரில் இருக்கும் பாசி, வெயிலில் காற்றைக் கொடுக்கும். இருட்டில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கும். வெயிலே இல்லாத மூன்று நாள் கழித்து, விடியும்போது தண்ணீரில் மூச்சுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. இதை அன்று மத்தியானம் உட்கார்ந்து படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைவரை இருக்காமல் அன்று சாயங்காலமே அக்கா திரும்பி வந்தாள். கல்யாணச் சேலையோடு நேராகக் கரைக்குப் போய் அந்தப் பதினெட்டையும் பார்த்தாள்.

காலையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். "தப்பு எம்மேலதானுங்கக்கா."

"மேகம் மூடுனா தீவனத்த நிறுத்தோணும்னு நானும் உனக்குச் சொல்லிப்போட்டுப் போகல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒரு மணி நேரம் பூச்சிய மாத்தி மாத்திப் போட்டிருக்கற. அதுல ஒருக்கா எனக்குப் போன் போட்டிருக்கலாமல்ல?"

"தெரியலைன்னு தோணியிருந்தா போட்டிருப்பனுங்க. தெரியும்னு நெனச்சுப்போட்டேன்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செத்த மீன்களை அள்ளக் கூடையை எடுத்து வந்தாள். திங்கட்கிழமை வலை போட்டார்கள். மிச்ச மீன்களே வீட்டில் காட்டப் போதுமானதாக இருந்தன. குட்டை அவளிடமே இருக்கிறது.

அன்றைக்குக் கண்ணெதிரே இருந்தது ஒரு குட்டை நிறைய உயிர்களின் தவிப்பு. எனக்குத் தெரிந்த ஒன்றைப் போலவே அது இருந்ததால்தான் ஒரு மணி நேரம் எனக்கு அது தெரியவே இல்லை என்பதை இன்றும் என்னால் சுலபமாகக் கடக்க முடியவில்லை.