கருப்பசாமியின் இங்கிலீஷ் குதிரை

திருவாங்கூர்-கொச்சி போய்க் கேரளம் என்று புது மாநிலம் பிறந்த சமயம். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளத்துப் பக்கம். வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவே இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் பெரிய துரை பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் அம்மா வயது இருக்கும். இங்கிலாந்திலிருந்து தன் முன்னோர்களைத் தேடிக் கப்பலேறி வந்தவராம். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் கூலி ஜனங்களிடம் விசாரிக்க, இங்கிலீஷ் தெரிந்த பெண் ஒருத்தி கூடப் போக வேண்டும் என்றார் துரை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னோர் என்றதும் ஏதோ பிரபு, படைத் தளபதி என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் என்ன உத்தியோகம் பார்த்தார்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி, "பப் நடத்துகிறோம், தலைமுறை தலைமுறையாக" என்றார்.

பப் என்றால் ஊர்க்காரர்கள் கூடிக் குடித்துப் பேசும் கடை, மாடியில் வழிப்போக்கர்கள் தங்கலாம் என்று துரை விளக்கினார். நான் முகத்தைச் சுளித்துவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவின் தாத்தா வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் கள்ளுக்கடை குத்தகை எடுத்து நடத்தியவர். அப்பாவோ கதர் கட்டி, மதுவிலக்குக் கூட்டம் போட்டவர். வீட்டில் அந்தக் கடைக்கு "வியாபாரம்" என்றுதான் பெயர். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. நாங்கள் மூச்சுக் காட்டாமல் மூடி வைத்திருந்ததை, இந்த அம்மாள் கடல் தாண்டி வந்து பட்டம் வாங்கியதுபோலச் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஜீப்பில் போகும்போது கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கடையின் பெயரை எழுதாமல் பலகையில் படமாக வரைந்து வாசலில் மாட்டுவார்களாம். இவர்கள் கடைக்கு வெள்ளைக் குதிரை. பலகை எழுத வந்தவன் கூலியை முன்னாலேயே வாங்கி அதே கடையில் குடித்துத் தீர்த்ததில், வெள்ளைச் சாயம் போதாமல் குதிரையின் ஒரு காலைக் கறுப்பாக முடித்துவிட்டானாம். பின்னாளில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, தம்பிக்காரர் அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு கப்பலேறிவிட்டார். மூணாறு மலையில் துரைமார்களுக்காக ஒரு கடை போட்டிருக்கிறார் என்று ஒரு தகவல் வந்தது. அதன் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அந்தத் தம்பி, இந்த அம்மாளின் அப்பாவுக்குச் சித்தப்பா. படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். சித்தப்பா என்ன ஆனார் என்று தெரிய வேண்டும், முடிந்தால் அந்தக் குதிரை மறுபடி வாசலில் தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும்.

எஸ்டேட் எஸ்டேட்டாக விசாரித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. போடியிலிருந்து ஏறி வரும் பழைய குதிரைப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு லயம். அங்கே பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே, ஒரு கால் கறுத்த வெள்ளைக் குதிரை என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கொழுந்து கிள்ளுகிற அக்கா ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டீச்சர், இவுக நம்ம கருப்பசாமி குதிரையையில்ல சொல்லுதாக!"

ஊரே எங்களுக்கு முன்னால் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் யாருக்கும் வேலையில்லை. ஓடைக்கரையில், மரத்தடியில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். உள்ளே அரிவாளோடு கருப்பசாமி. பக்கத்தில் சந்தனம் பூசி, மாலை போட்டு, வருஷா வருஷம் புது வர்ணம் பூசிய மரப்பலகையில், வெள்ளைக் குதிரை. ஒரு கால் மட்டும் கறுப்பு. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பூசாரி ஃபாக்டரியில் கொதிகலன் பார்க்கிற ஆள். அவர்தான் விவரம் சொன்னார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தபோது, ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து இங்கே சாமியை நிறுத்தியிருக்கிறார்கள். குலசாமி கோயிலை விட்டுத் தூரம் போகிறவர்கள், அங்கிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோய் வைத்தால் போதும், சாமியும் கூடவே வந்துவிடும் என்பது நம் பக்கத்து வழக்கம்தானே. சாமி வந்துவிட்டது. குதிரைதான் நிற்கவில்லை. எத்தனை மண்குதிரை செய்தாலும் மூணாறு மழை கரைத்துவிட்டது. அப்புறம், மலையாளக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் வந்ததால் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பெருவெள்ளம். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்து, மேலே பாழடைந்து கிடந்த கடையை அது அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்து வந்து பார்த்தால், கோயில் மரத்தில் சாய்ந்து நிற்கிறது இந்தக் குதிரை. கறுத்த கால் கருப்பன் மிதித்து ஏறிய கால் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வர்ணம் பூசும்போது அந்தக் காலை மட்டும் அக்கறையாகக் கறுப்பாக்குவார்களாம்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு நடுகல் இருந்தது. கடை வைத்திருந்த துரையைப் புதைத்த இடம். மழையில் நனைந்து மலையேறி வந்த கூலி ஜனங்களை அடுப்புப் பக்கம் உட்கார வைத்துச் சூடாகக் குடிக்கக் கொடுத்த புண்ணியவானாம். வருஷக் கொடைத் திருவிழாவில் கருப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கும்போது, அவருக்கும் ஒரு பங்கு வைத்துவிடுவார்களாம்.

இதை நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். ஊரில் அண்ணன் குடும்பம் கடைசிவரை மன்னிக்காத மனிதருக்கு, இங்கே வருஷம் தவறாமல் சாராயம் கிடைத்திருக்கிறது.

ஆனால் அடுத்து அவர் கேட்டதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. பலகையை அப்பாவுக்காக எடுத்துப்போகலாமா என்றார். கேட்காததுபோல இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவருடைய அப்பா நினைவுக்கு வந்தார், சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் பலகைக்கு முன்னால் நெருங்கி நின்றுகொண்டது. குதிரையைக் கொடுத்தால் சாமி எதில் ஏறும் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பூசாரி தாடையைச் சொறிந்துகொண்டே, "அவுகளுக்குக் குலசாமி எதுன்னு கேளுங்க டீச்சர்" என்றார்.

அதை எப்படி இங்கிலீஷில் கேட்பது? சுற்றி வளைத்துக் கேட்டேன். தெரியவில்லை என்று அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். பூசாரி தலையாட்டினார்.

"அப்ப வேற என்ன? பாட்டன் பூட்டனைத் தேடி இம்புட்டுத் தூரம் வந்து, வந்து நின்ன எடம் இது. இதுதான் அவுகளுக்கும் குலசாமி. இவுக நமக்குப் பங்காளி. பங்காளி கேட்டா எப்படி இல்லங்கிறது?"

கொடுக்கவும் மனசில்லை, மறுக்கவும் வழியில்லை என்று எல்லோரும் விழித்தபோதுதான் எனக்குப் பளிச்சென்று தோன்றியது.

"ஏனுங்க பூசாரி, நீங்க ஊர்ச் சாமிய இங்க எப்படிக் கொண்டாந்தீங்க? பிடிமண்ணுலதானுங்களே? இவங்களுக்கும் அதையே குடுத்துப்போடுங்க!"

அந்த மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! நான் விளக்கியதும் அந்த அம்மாள் பலகையைப் பார்த்தார், நடுகல்லைப் பார்த்தார். பிறகு, "என் அப்பாவின் சித்தப்பாவிடமிருந்து அவர் குதிரையைப் பிரிக்க மாட்டேன்" என்று சொல்லி இரண்டு கையையும் ஏந்தினார். பூசாரி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். கொடுக்கும் முன் ஒரு சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. அங்கே ஒழுங்காகப் படையல் போடுவார்களா, சாராயம் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். தினமும் சாயங்காலம் ஊரே கூடிவிடும் என்றார் அந்த அம்மாள்.

"தெனமுமா!" பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப நம்மளவிட அங்க பக்தி சாஸ்தி!"

அன்று முதல் மரியாதை அந்த அம்மாளுக்குத்தான். தலையில் துண்டு கட்டி, தேங்காய்மூடியைக் கையில் கொடுத்தார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் துரைக்குத் தகவல் அனுப்பியிருந்தார். மண் முடிச்சை அப்பா தன் கையாலேயே கடை வாசற்படிக்கு அடியில் வைத்தாராம். புதிதாக எழுதி மாட்டிய பலகையிலும் குதிரைக்கு ஒரு கால் கறுப்பாம். நம் கணக்குப்படி, இங்கிலாந்தில் ஒரு கருப்பசாமி கோயில் இருக்கிறது. அங்கே குடிக்கிறவர்களுக்குத்தான் அது தெரியாது.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், வியாபாரம் நடந்த இடம் எது என்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன். முதலில் முறைத்தார். குதிரைக் கதையைச் சொன்னேன். "வா அம்மிணி, காட்டறேன்" என்று செருப்பை மாட்டினார். சந்தைக்கு மேற்கே ஒரு புளியமரத்தடி. மாடு விற்றவனும் வாங்கியவனும் எங்கள் தாத்தாவின் அப்பாவிடம் சண்டை தீர்க்க வந்த கதைகளை அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இத்தனையும் மனசில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தார்!

அடுத்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பாவே முந்திக்கொண்டு கள்ளுக்கடை விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிமிஷம் திகைத்து, "அட, எங்கப்பாரு சந்தைக்கிப் போனா ராத்திரி தங்கறது அந்தக் கடையிலதானுங்களே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்த வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் என்ன கிடைக்குமோ என்று பயப்படத் தேவையில்லை, யாரோ ஒருவர் எங்கோ அவர்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருப்பார் என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.