கோத்தகிரி ஏற ஓர் இன்ஜின்

கல்யாணமான இரண்டாம் வருடம் எனக்குக் கோத்தகிரியில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. கணக்கு டீச்சர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. கணவர் பல்லடத்தில் விசைத்தறி போட்டிருந்தார். அவர், நான், மாமனார் என்று வீட்டில் மூன்றே பேர். அத்தை நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். வார நாட்களில் நான் மலைமேல் வாடகை வீட்டில் தனியாக இருப்பேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் பிடித்து இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காரில் கொண்டுபோய் விடுவார்.

கார் என்பது ஒரு வெள்ளை அம்பாசிடர். மாமா அதை ஒரு மில்காரரிடமிருந்து வாங்கியிருந்தார். பருத்திக்கொட்டை மூட்டை, வாழைத்தார், கல்யாணத்துக்குப் போகும் சொந்தக்காரர்கள் என்று எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் போகும் வண்டி. ஆனால் அது சமவெளியில். மேட்டுப்பாளையம் தாண்டிப் பாக்குத்தோப்புகளின் நிழல் முடிந்து ரோடு மேலே திரும்பியதும் அதற்கு இளைக்க ஆரம்பித்துவிடும். இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், பிறகு பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி.

மார்கழி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே வண்டி நின்றேவிட்டது. பின்சீட்டில் அரிசி மூட்டையும் தேங்காயும் எனக்கு ஒரு வாரத்துக்கான பருப்புப்பொடியும் இருந்தன. நான் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அவர் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியைத் தொட முடியவில்லை. ஆறட்டும் என்று இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே சமவெளி வெயிலில் கிடந்தது. பிறகு பள்ளத்திலிருந்து பனிமூட்டம் எழுந்து வந்து, முதலில் சமவெளியை எடுத்துக்கொண்டது, பிறகு ரோட்டை, பிறகு எதிர் வளைவில் இருந்த மரங்களை. வண்டியும் நாங்களும் மட்டும் எதன்மேலும் நிற்காமல் மிதப்பது போலிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, கேனில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான் புள்ள. இதுக்கு மூச்சு பத்தறதில்ல. வேற இன்ஜின் வெச்சுப்போடலாம்."

அடுத்த வாரம் சாப்பிடும்போது மாமா பேச்சை எடுத்தார். கோபமாக அல்ல, ரசத்துக்கு உப்பு போதவில்லை என்பதைப் போலத்தான் சொன்னார். "வேலைய உட்டுப்போட்டு வந்துரு அம்மணி. வாராவாரம் இந்த வண்டிய மலைல ஏத்தி எறக்கோணுமா? இங்க என்ன சோத்துக்கா பஞ்சம்?"

தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்க்காமலே, "அவ எதுக்குப்பா எறங்கோணும்? நான் வண்டிய ஏற வெக்கிறேன்" என்றார்.

மாமா மோரை ஊற்றிக்கொண்டார். "வெக்கிறதுதான் வெக்கிற, டீசலா வெய்யி. தோட்டத்து மோட்டாருக்கு வாங்கறதையே இதுக்கும் ஊத்திக்கலாம்."

மே மாத லீவில் மூன்று பேரும் பீளமேட்டுக்குப் போனோம். ஒரு பழைய மில்லின் மதிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட ஒர்க்‌ஷாப். பழைய இன்ஜின்கள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து, லாரியேறி, அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. எந்த வண்டியில், எந்த ஊர் ரோட்டில் ஓடியவையோ. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். கூரை ஓட்டைகள் வழியாக விழுந்த வெயில் வட்டங்கள் அவற்றின்மேல் அசையாமல் நின்றன. ஆயில் வாசனையில் எனக்குத் தூக்கம் வருவது போலிருந்தது. இருந்தும் எல்லாம் வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

ஒர்க்‌ஷாப்காரர் நன்றாகப் பேசுவார். "ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்டறனுங்க. நீங்களே கேட்டுப்போட்டு முடிவு பண்ணுங்க" என்றார். இரும்பு ஸ்டாண்டில் இன்ஜினை வைத்து, பேட்டரி கொடுத்து, எரிபொருளுக்கு மேலே ஒரு கேனைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதலில் டீசல். தட்டியதும் கொட்டகையே எழுந்து நின்றது. மேசைமேல் இருந்த டீ டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது, நான் பிடித்துக்கொண்டேன். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. தோட்டத்தில் அவர் பம்புசெட்டுப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் பார்த்திருக்கிற முகம்.

"மலை இழுக்குங்களா?" என்று கணவர் கத்திக் கேட்டார்.

"இழுக்குங்க. ஆனா நிதானமாத்தான். இப்ப நின்னு நின்னு போறீங்க, இதுல நிக்காம ஊர்ந்து போவீங்க, அவ்வளவுதான்."

அடுத்தது பெரிய பெட்ரோல் இன்ஜின். லேசாக முடுக்கியதற்கே பாய்ந்துவிடப் போவதைப் போல ஸ்டாண்டோடு ஒரு பக்கம் சாய்ந்தது. கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மலைப்பாதையில் பஸ்களையெல்லாம் முந்திக்கொண்டு போகும் கனவு அவர் கண்ணில் ஓடுவதை நான் பார்த்தேன். கல்யாணப் பேச்சின்போதுகூட என்னை அப்படிப் பார்த்தாரா தெரியவில்லை. "இதாம்ப்பா," என்றார், முடிவாகிவிட்டதைப் போல.

"இத வெச்சா ஊட்டியே அரை மணி நேரந்தானுங்க" என்றார் ஒர்க்‌ஷாப்காரர், கொஞ்சம் கூட்டித்தான்.

எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாராவாரம் அந்த மலையில் பஸ்ஸில் இறங்கிவருகிறவள் நான். கீழே வரும்போது டிரைவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "ஏனுங்க," என்று கணவரைக் கூப்பிட்டேன். "ஏறிக்கும், சரிங்க. எறங்கறப்ப இந்த வேகத்தையெல்லாம் எது புடிக்கும்?"

ஒர்க்‌ஷாப்காரர் சிரித்தார். "பிரேக்கு பழைய பிரேக்குதானுங்க அம்மணி. அது பார்த்துத்தான் ஓட்டிக்கோணும்."

என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாக அந்தப் பாதையில் இறங்குவது கணவர்தான். அதைத்தான் நான் நினைத்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பெரிய இன்ஜின்மேலிருந்து கையை எடுத்தார், மனசில்லாமல்.

அப்போதுதான் மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அம்மணி. மலைமேல இருக்கறவ நீதான். எதை வெக்கலாம்?"

வேலையை விட்டுவிடச் சொன்ன மனுஷர். அவர் வாயிலிருந்து அப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூலையில் இருந்த நடுத்தரப் பெட்ரோல் இன்ஜின் ஒன்றைக் காட்டி, அதையும் ஓட்டச் சொல்லுங்கள் என்றேன்.

தூரத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் மிதிப்பதைப் போல ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்ணை மூடினேன். அந்தச் சத்தத்துக்குள் ரோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவுகள், சாம்பிராணிப் புகை போல மூட்டம், ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள். மாமா பக்கத்தில் வந்து குனிந்தார். "ஓடுதா, நின்னுபோச்சா?"

"ஓடுதுங்க மாமா."

நம்பாமல் உள்ளங்கையை அதன் பக்கவாட்டில் வைத்தார். கன்றுக்குட்டியின் விலாவில் வைப்பதைப் போல. வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு, "செரி. இதையே வெய்யுங்க" என்றார்.

சொன்ன நாளில் வேலை முடியவில்லை. புது இன்ஜினோடு அதன் கியர்பாக்ஸும் வந்ததால், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியர் ராடு போய், தரையில் ஓட்டை போட்டு ஒரு கியர் முளைத்தது. ரேடியேட்டரைப் பெரிதாக மாற்றினார்கள். பழைய பிரேக்கை முழுதாகப் பிரித்துப் புது பிரேக் ஷூ போட வைத்தார் கணவர். ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் நம்பரை ஏற்ற வேறு அலைச்சல். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள்தான் வண்டி கைக்கு வந்தது.

நான் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். "நானும் வாரேன்" என்றார்.

வைகாசி மாதக் காற்று. பாக்குத்தோப்புகளைத் தாண்டி ரோடு திரும்பியது. கணவர் மூன்றாவது கியரிலேயே போனார். வளைவு, மறுபடி வளைவு. மரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. காது அடைத்துத் திறந்தது. காற்று குளிர்ந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது.

பாதி மலையில் மாமா, "நிறுத்து" என்றார். கணவர் பதறிப்போய் ஓரங்கட்டினார். வண்டிக்கு ஒன்றுமில்லை. மாமா இறங்கிச் சுவரோரம் போய் நின்றார். அதுவரை அவர் மலை ஏறியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தோட்டத்து வரப்பிலிருந்து பார்த்தால் வடமேற்கே ஒரு நீலக் கோடு தெரியும். மழை வருமா என்று பார்க்க அதைத்தான் தினமும் பார்ப்பார்.

"அந்த நீலத்துக்குள்ளாறயா நிக்கறோம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க மாமா."

அவர் காலடியைப் பார்த்தார். பச்சையாகவும் சிவப்பாகவும்தான் இருந்தது. பிறகு வெகுதூரத்துக்குக் கீழே, வெயில் மங்கலில், எங்கள் தோட்டம் எங்கே இருக்கும் என்று தேடினார். தென்னைகளா மேகநிழலா என்று தெரியாத ஒரு திட்டைக் காட்டி, அதுதான் என்றார். நாங்களும் அதுதான் என்றோம்.

அன்று இருவரும் என் வாடகை வீட்டிலேயே தங்கினார்கள். காலையில் மாமா பள்ளி வாசல்வரை வந்து, சத்தமிட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "எல்லாத்துக்கும் நீதான் கணக்குச் சொல்லித் தரயா?" என்று கேட்டார். வேலையை விடும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை. நான் மாற்றலாகி இறங்கும்வரை, நினைத்தபோதெல்லாம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்கு முதல் பீரியடில் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பியபோது ஜன்னல் வழியாகக் கீழ்ரோடு தெரிந்தது. வெள்ளைக் கார் மெதுவாக, சத்தமே கேட்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. போகும் மூட்டத்தை விரல்களால் அளைந்தபடி, வளைவு மறைக்கும்வரை.