குசினிச் சுவிச்சுக்கு ஓர் இடம்

ஈரக்கையால் சுவிச்சைத் தொடக்கூடாது என்று கொன்வென்றில் மனையியல் படிப்பித்த சிஸ்டர் சொல்லித் தந்தா. குசினியில் நிற்பவளுக்குக் காய்ந்த கை எந்த நேரத்தில் கிடைக்கும் என்று மட்டும் அவா சொல்லவேயில்லை. அடுப்படியில் கிடந்து வேகும் என்னைப் போன்றவர்களே, வவுனியாவில் எங்கள் குசினிக்குக் கறண்ட் வந்த கதையைக் கேளுங்கோ.

அக்கினி மூலை

குவைத்தில் இருந்து வந்த என் தம்பி ஒரு கிறைண்டரும், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கறண்ட் கேத்திலும் கொண்டுவந்தான். இரண்டுக்கும் சுவிச் எங்கே பூட்டுவது? சமைக்கிற என்னைத் தவிர எல்லாரிடமும் யோசனை கேட்டார் என் கணவர். அவருடைய தமக்கை, என் மச்சாள், நெடுங்கேணியில் இருந்து பஸ் ஏறி வந்து அக்கினி மூலையைக் காட்டினா. அங்கே ஏற்கெனவே விறகடுப்பு எரிகிறது. வயரிங் செய்யும் தம்பிராசாவும் அடுப்புக்கு நேர் மேலே பூட்டிவிட்டுப் போனார்.

கொதிக்கிற உலைக்கு மேலால் கையை நீட்டினால்தான் கிறைண்டர் நிற்கும். போகப்போகச் சுவிச்சின் மூடி பொரித்த அப்பளம் போல வளைந்தது. மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “நெருப்பு நெருப்போடதானே இருக்கவேணும்.”

வெள்ளிக்கிழமை

அடுத்த யோசனை என் கணவருடையது. வயர் வெளியே தெரிந்தால் வடிவில்லையாம். அலுமாரிக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரத்தில் பூட்டுவித்தார். வெள்ளிக்கிழமை குசினி கழுவாமல் சமைத்தால் இவருக்குச் சோறு இறங்காது. வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். சுவிச்சில் தண்ணீர் தெறித்தது எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணிக்குச் சுவிச்சைப் போட்டதும் தோள்மூட்டு வரைக்கும் ஓர் உதறல். கதவடியில் போய் விழுந்தேன். கறண்ட் இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் இந்தக் கதையை மச்சாள்தான் எழுதியிருப்பா.

ஓடிவந்தவர் என்னைத் தூக்கி இருத்திவிட்டுச் சொன்னார்: “கறண்டுக்கு வெள்ளிக்கிழமை தெரியுமே? நீர்தான் பாத்துக் கழுவவேணும்.”

கரிக்கோடு

அன்றே தம்பிராசாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வருமுன்னே கரித்துண்டு எடுத்துச் சுவரில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டேன். அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எட்டத்தில், மேசைக்குப் பக்கவாட்டில், என் தோள் உயரத்தில். தண்ணீர் தெறிக்காது, பிள்ளைகளுக்கு எட்டாது, எதற்கு மேலாலும் நான் எட்டிப் பிடிக்கத் தேவையில்லை.

தம்பிராசா மெயின் சுவிச்சை நிறுத்தினார். புள்ளடியைப் பார்த்தார். பிறகு, ஐயா இதுக்கு ஓமெண்டவரோ என்று என்னையே கேட்டார். அதற்குள் ஐயாவும் அளவு நாடாவோடு வந்து, புதிதாக ஓர் இடத்தைக் காட்டத் தொடங்கினார்.

“தம்பிராசா, கேத்தில் எங்க இருக்கெண்டு அவரைக் கேளுங்கோ. காட்டினாரெண்டால், அவர் சொல்லுற இடத்திலயே பூட்டுங்கோ,” என்றேன்.

இவர் அலுமாரியைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். நெல்லுச் சாக்கைக்கூட நகர்த்திப் பார்த்தார். கடைசியில், தான் அளவு நாடாவை வைத்திருந்த மேசையிலேயே கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். அந்த நாடாவுக்குப் பக்கத்தில், தூசி படாமல் நான் மூடியிருந்த துணியைத் தம்பிராசா மெல்ல விலக்கினார்.

“ஐயா, இதுதான் கேத்தில்.”

கலியாணம் முடித்த நாளில் இருந்து என் கையால் தேத்தண்ணி குடிக்கிறவருக்குக் கேத்தில் இருக்கும் இடம் தெரியாது, அதற்குச் சுவிச் எங்கே இருக்கவேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.