ஒரு சுருள், மூன்று கமரா

பாரமான கமராதான் நல்ல கமரா என்று யாழ்ப்பாணத்தில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இதை மறுக்கிறேன். பாரம்தான் தரம் என்றால் உலகின் தலைசிறந்த கமரா எங்கள் வீட்டு அம்மிக்கல். அது இன்றுவரை ஒரு படமும் எடுக்கவில்லை.

கொக்குவிலில், ரயில் போனால் மேசைக் கடதாசி எல்லாம் பறக்கிற ஓர் அறையில், பழைய பிலிம் கமராக்களைத் திருத்தி விற்கிறேன். பழைய சாமான் விற்கிற சக பாவிகளே, எங்கள் தொழிலின் இலக்கணம் உங்களுக்குத் தெரியும். வாங்க வருபவர் முதலில் பொருளைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு விலையைக் கேட்டுவிட்டுக் கீழே வைப்பார். இந்த இலக்கணத்துக்கு ஒரு புறனடையாக வந்தவள் நிரோஜா.

தூக்கிப் பார்த்தல்

நிரோஜா வடகரையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. படப்பிடிப்பு படிக்க இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை முழுக்கப் பிலிம்தான், எல்லாவற்றையும் கையாலே திருகி வைக்கிற கமராவோடு வாருங்கள் என்று படிப்பிக்கிறவர் சொல்லிவிட்டாராம். கூடவே வந்திருந்த தகப்பன் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். கமரா ஒன்றுதான், அதுவும் ஒரே தடவைதான். அது சரிவராவிட்டால் பிள்ளை இந்தப் படிப்பை விட்டுவிட்டு வங்கிச் சோதனைக்குப் படிக்க வேண்டும்.

அவர்களுக்குக் கட்டுப்படியாகக்கூடிய மூன்றை மேசையில் வைத்தேன். முதலாவது ஒரு ஜெர்மன்காரன், கலியாண மாப்பிள்ளைபோல மின்னுகிறவன். இரண்டாவது ஒரு ஜப்பான்காரன், பற்றரி போட்டால் வெளிச்சத்தைத் தானே அளந்து சொல்லுவான். மூன்றாவதுக்குத் தோல் உரிந்திருந்தது, வெளிச்சம் அளக்கிற முள்ளும் செத்திருந்தது. உருவத்தை வைத்து அதைக் கடையில் ‘சின்னன்’ என்போம். விலையும் இதே ஒழுங்கில் இறங்கும். மகள் மூன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்க, தகப்பன் ஜெர்மன்காரனை எடுத்து, அறக்குளா மீனை மதிப்பதுபோல உள்ளங்கையில் இரண்டு தரம் ஏற்றி இறக்கினார். முகம் மலர்ந்தது.

“நல்ல பாரம் அண்ணை. தேவையெண்டால் நங்கூரமாயும் விடலாம்.”

கனடாவின் கருத்து

வெளிநாட்டு அங்கீகாரம் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு சாமானும் வாங்கப்படுவதில்லை. தொலைபேசித் திரையில் நிரோஜாவின் சித்தப்பா வந்தார். கனடாவில் பனிக்குள் நிறுத்திய காருக்குள் இருந்தபடி, இது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டார். பிலிமில் இருப்பது வெள்ளித் துகள், அதை யாரும் எண்ணி விற்பதில்லை என்று விளக்கினேன். என் விளக்கங்கள் வழக்கமாகப் போகிற இடத்துக்கே அதுவும் போனது. தன்னிடம் ஒரு டிஜிட்டல் கமரா சும்மா கிடக்கிறது, அனுப்பிவிடுகிறேன் என்றார் அவர். தகப்பனின் முகம் இரண்டாவது தடவையும் மலர்ந்தது.

நிரோஜா தொலைபேசியை வாங்கி, “அழிக்கேலாத படம் எடுத்துப் பழகத்தான் சித்தப்பா போறன்” என்றாள். எனக்கு அரை மணித்தியாலம் எடுத்திருக்கும் விளக்கம் அது. கனடாவுக்கு உடனே வேறொரு கவலை வந்தது.

“அப்ப, நான் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிற படத்தையும் வைச்சிருக்கத்தான் வேணுமோ?”

நெற்றியில் ஒரு குத்து

என் மனச்சாட்சி ஜப்பான்காரனின் பக்கம். படிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு வெளிச்சத்தை அளந்து சொல்லும் கமரா எவ்வளவு அவசியம் என்று நீண்ட நாளாகச் செப்பனிட்டு வைத்திருந்த பிரசங்கத்தைத் தொடங்கினேன். அவள் அதற்குள் கமராவை முகத்தில் வைத்தாள், உடனே எடுத்தாள். பிலிமை நகர்த்துகிற நெம்பு நெற்றியில் குத்திவிட்டது. அந்த நெம்பைக் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டால்தான் முள் வேலை செய்யும். வலக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது காதுப் பக்கம் நிற்கும். நிரோஜா பார்ப்பது இடக்கண்ணால்.

எத்தனையோ பேருக்கு இதே வகைக் கமராவை விற்றிருக்கிறேன், இப்படி ஒரு சங்கடம் இருப்பது எனக்குத் தெரியாது. பண்டிதனுக்கு விடை தெரியாவிட்டாலும் ஆலோசனை இருக்கும். வலக்கண்ணால் பார்த்துப் பழகலாமே என்றேன். மரியாதைக்காக ஒரு தரம் முயன்று பார்த்துவிட்டுக் கமராவைத் திருப்பித் தந்தாள்.

“கமராவுக்காகக் கண்ணை மாத்தேலாது அங்கிள்.”

விரல் அடையாளம்

பரீட்சித்துப் பார்க்க ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள் கொடுப்பது என் வழக்கம். பிலிம் இன்று விற்கிற விலைக்கு மூன்று சுருள் கொடுத்தால் நான் கடையைப் பூட்ட வேண்டும். ஒன்றே போதும், ஆனால் மூன்று கமராவையும் இரவல் தாருங்கள் என்றாள் நிரோஜா. ஜெர்மன்காரனில் சில படம் எடுத்து, பிலிமின் நுனி நாக்குப்போல வெளியே நிற்கும்படி சுருட்டுவாளாம். பிறகு அதையே அடுத்ததில் போட்டு, கமராவின் முன்கண்ணாடியை மூடி வைத்துக்கொண்டு, எடுத்த படங்களைத் தாண்டும்வரை பொத்தானை வெறுமனே அமத்துவாளாம். பிறகு சின்னனிலும் அப்படியே. ஒரே பின்னேரம், ஒரே வள்ளம், அதன் பக்கத்தில் ஒரே அப்பா.

செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை. நெற்றியில் குத்தியதையும் ஏன் கொண்டுபோகிறாய் என்றேன். குத்தினதுக்காக அதை விடேலாது, படம் நல்லாய் வரலாம் என்றாள். பொருள் வாங்க வந்த ஒருவர் பொருளுக்கு நீதி செய்ததை அன்றுதான் கண்டேன். கழுவிய பிறகு எந்தப் படம் எந்தக் கமராவில் எடுத்தது என்று எப்படித் தெரியும் என்ற கடைசிச் சந்தேகத்தையும் எழுப்பினேன். கையைத் தூக்கிக் காட்டினாள்.

“ஒவ்வொரு கமராவிலையும் முதல் படம் என்ரை விரல். ஒண்டு, ரெண்டு, மூண்டு.”

அடையாள அட்டை

சுருளை நானே கழுவி, சின்னச் சின்னப் படங்களாக அச்சடித்து, இருவருக்கும் முன்னால் பரப்பினேன். ஒரு விரலுக்குப் பின் வந்த படங்கள் எல்லாவற்றிலும் மின்னல்போல ஒரு வெள்ளைக் கோடு. ஜெர்மன்காரனின் பின்கதவால் வெளிச்சம் ஒழுகுகிறது. இரண்டு விரல் படங்கள் வெகு துல்லியம். ஆனால் நெம்புக்குத் தலையைச் சரித்ததில் வள்ளமும் கடலும் தகப்பனும் ஒரே பக்கம் சரிந்திருந்தார்கள். இரண்டிலும் தகப்பன் விறைத்து நின்றார். அந்த இரண்டும் அமத்தினால் நாய் திரும்பிப் பார்க்கிற சத்தம் போடுபவை.

மூன்று விரலுக்குப் பின் வள்ளத்தின் வெள்ளையும் வலையின் கறுப்பும் கலங்காமல் வந்திருந்தன. செத்த முள்ளுக்குப் பதிலாகத் தொலைபேசியால் வெளிச்சத்தை அளந்தாளாம். தொலைபேசியை நான் இத்தனை காலமும் திட்டியதையெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. சின்னனின் சத்தம் கேட்காததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, தகப்பன் வள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து, களைத்த முகத்தோடு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். மற்றக் கையில் ஜெர்மன்காரன் இருந்தான். அவனை மெல்ல மேசையில் வைத்தார்.

“மற்றதுகளிலை நான் அடையாள அட்டை. இதிலைதான் ஆள். சின்னனையே எடு பிள்ளை.”

முக்கால்வாசி ஆயுளைக் கமராக்களோடு கழித்தவன் மூன்று கமராக்களைப் பற்றி அறிந்துகொள்ள ஒரு மாணவியின் மூன்று விரல்கள் தேவைப்பட்டன. ஜெர்மன்காரனின் விலைச்சீட்டை அன்று பின்னேரமே கழற்றி, அவனை என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது ரயில் போகும்போது என் மேசைக் கடதாசிகள் பறப்பதில்லை.