பொம்மைகளைப் பார்த்துப் பாடியவள்

மகளின் கண் சரியாகிவிட்டதா? அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கரமனையில் எங்கள் தெருவில் இன்னும் யாராவது இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவளுக்கு ஆறு வயது. சிகிச்சைக்கு முன்பு, தூரத்தில் எதையாவது பார்க்கும்போது இடது கண் வெளிப்பக்கம் விலகிப்போகும். சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் அது சற்று உள்நோக்கி இருந்தது. எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். பிறகு நேரானது. படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். சில குழந்தைகளுக்கு மறுபடி விலகலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதை என் குழந்தைக்குச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம் பள்ளி திறந்தபின், களைத்து வரும் சாயங்காலங்களில் கண் விலக ஆரம்பித்தது. நான் அவள் தோளைத் தொடுவேன். உடனே முயன்று கண்ணை நேராக்கிக்கொள்வாள். டாக்டர் சொன்னதல்ல, நானே பழக்கியது.

நவராத்திரிக்கு எதிர்வீட்டு மாமி கொலுவுக்கு அழைத்திருந்தார். கொலு வைத்த வீட்டில் பெண்குழந்தைகள் பாடாமல் தப்ப முடியாது. வந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடத் தொடங்குமுன்பே கண் விலகியது. தோளைத் தொட்டேன். மறுபடியும் தொட்டேன். அவள் எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, கொலுப்படிகளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"இதென்ன மோளே, எங்களப் பாத்துப் பாடு," என்றார் மாமி.

"வேண்டாம் மாமி. பொம்மையப் பாத்துப் பாடினா அம்மா தோளத் தொடமாட்டா."

"பொம்மைக்கு இருக்கற பாக்கியம் நமக்கில்லை," என்று மாமி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் தோளைத் தொடுவது எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. பாட்டு முடியும்வரை என் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனையில், இரண்டு கண்ணும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்கின்றன, காத்திருக்கலாம், விலகல் கூடினால் இன்னொரு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். குழந்தைக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகும், அறுவை சிகிச்சையை உடனே செய்துவிடலாமா என்று ஏன் கேட்டேனோ. தோளைத் தொட்ட கதையை மட்டும் அவரிடம் மறைத்துவிட்டேன்.

இப்போது தொடுவதில்லை. ஆனால் நான் பக்கத்தில் போனாலே அவள் கண்ணை இழுத்து நேராக்கிக்கொள்கிறாள்.

இதைப் படிப்பவர்களில், பிள்ளைக்கு இரண்டாம் முறை அறுவை சிகிச்சை செய்தவர்களும், செய்யாமல் காத்திருந்தவர்களும் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். என்னைக் கண்டால் அவள் பயப்படாமலிருக்க என்ன செய்யலாம் என்று தெரிந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.