துப்பாக்கிக் கட்டை யார் தோளுக்கு?

போன ஆயுத பூஜை அன்று என் அண்ணன் தன்னுடைய துப்பாக்கி மேலேயே டிராக்டரை ஏற்றிவிட்டார்.

பதறாதீர்கள். தோட்டா போடாத துப்பாக்கி. யாருக்கும் காயமில்லை. சக்கரத்துக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதில் விசேஷமே!

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் ரோட்டில், அடிவாரத்தில் இருக்கிறது அண்ணன் தோட்டம். பூஜைக்கு மோட்டார், மருந்தடிக்கும் மெஷின், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி வரிசையாக வைப்பார்கள். துப்பாக்கி எப்போதும் நடுவில், மாலையோடு. இந்த முறை டிராக்டரும் துப்பாக்கியும் ஒரே போட்டோவில் வரவேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. வாழையிலை போட்டு, வண்டிக்கு முன்னாலேயே படுக்க வைத்தார். போட்டோ எடுத்தாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. அடுத்து எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டுமே... ஏறினார், ஸ்டார்ட் செய்தார், பக்தியோடு கிளட்சை விட்டார். பழம் உருண்டு ஓடிவிட்டது. துப்பாக்கிக்கு ஓடத் தெரியாதே!

'மடக்' என்று ஒரு சத்தம். இரும்புக்குழல் தப்பித்தது. தோளில் முட்டுக் கொடுக்கிற மரக்கட்டைதான் கழுத்தோடு ஒடிந்துவிட்டது.

"பூவும் பொட்டுமா போயிருச்சே..." என்று அண்ணன் நெஞ்சில் கை வைத்தார்.

"நான் போயிருந்தாக்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டாக" என்றார் மதினி, என்னிடம், நன்றாகக் கேட்கிற மாதிரி.

இந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா வாங்கியது. ஒற்றைக்குழல். வீட்டில் அதற்குப் பெயர் வேட்டைத் துப்பாக்கி. இதுவரை அது எதை வேட்டையாடியது? ஒன்றையும் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுத்த லைசென்ஸ். காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி... அவ்வளவுதான் அதற்கு வேலை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். தேர்தலுக்குத்தான் நம் நாட்டில் பஞ்சமில்லையே! எங்கள் குடும்பத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு அதிகமாகப் போய்வந்தது அந்தத் துப்பாக்கிதான். ஆனாலும் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'துப்பாக்கிக்கார வீடு'. அந்தப் பெயரை வைத்துத்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை.

கட்டை ஒடிந்த செய்தி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போனது. அவ்வளவுதான்! பிறந்தநாளுக்குக்கூட வாய் திறக்காதவர்கள் எல்லாம் மர வல்லுநர் ஆகிவிட்டார்கள்.

கூடலூர் சித்தப்பா வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "குமுளியில நமக்கு ஆளு இருக்குப்பா. ஈட்டி மரம் சொல்லிவிடட்டா? கறுகறுன்னு, ராஜா கணக்கா இருக்கும்." இன்னொருவர் வீட்டில் வாசக்காலுக்கு வாங்கிய தேக்கு மிச்சம் கிடக்கிறதாம். ஒரு மருமகப்பிள்ளை ஃபைபர் கட்டை படம் அனுப்பினார். பளபளப்பில்லாத கறுப்பு, கமாண்டோ ஸ்டைல். அதற்கு இருபது பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். தோட்டத்தில் பன்றி வருகிறதா, கடலை எப்படி இருக்கிறது என்று கேட்டது யார்? ஒருத்தரும் இல்லை.

கடலை மதினியுடையது. உழுவது மட்டும் அண்ணன். விதைப்பது, களை எடுப்பது, பரண் போட்டுக் காவல் இருப்பது எல்லாம் மதினி. பன்றிகள் சரவெடிக்குப் பழகிவிட்டன. துப்பாக்கிச் சத்தத்துக்குத்தான் இன்னும் கொஞ்சம் மரியாதை. அதற்கும் அண்ணனை எழுப்ப வேண்டும், அவர் வேட்டியை இறுக்க வேண்டும், பீரோ சாவியைத் தேட வேண்டும்... அதற்குள் பன்றிகள் சாப்பிட்டு முடித்துவிடும்.

அண்ணனுடைய கவலை வேறு. ஒரே பையன், கார்த்தி. பெங்களூரில் வேலை. கொஞ்ச நாள் சம்பாதித்துவிட்டு ஊருக்கு வந்து தோட்டத்தைப் பார்ப்பான் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்தார். எங்களிடம் சொல்வார், பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்வார், பால்காரரிடம் சொல்வார். கார்த்தியிடம் மட்டும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, ஒடிந்த துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடை அங்கேதான். கடைக்காரர் காதர் பாய் உத்தமபாளையத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் மரம் தெரியாது என்பது அவருடைய கட்சி. ஈட்டி என்றோம். "கனம். பரண்ல தூக்கிட்டு உக்காருங்க, கை கழண்டுரும்." தேக்கு என்றோம். "கதவு செய்யிங்க." ஃபைபர் படத்தைக் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

உள்ளே போய் ஒரு வால்நட் கட்டையை எடுத்துவந்தார். "ரேகையப் பாருங்க. கழுத்து வழியா நேரா ஓடுது. குறுக்க ஓடுனா மறுபடியும் அங்கனதான் ஒடியும். சரி, அளவெடுக்கணும். யாரு தோளுக்கு?"

"அப்படின்னா?" என்றார் அண்ணன்.

"சட்டைக்கு அளவு உண்டுல்ல? அதே மாதிரிதான். முழங்கை மடிப்புல கட்டை உக்காந்தா, விரலு விசைக்கு எட்டணும். நீங்கதானே சுடுவீக? கையத் தூக்குங்க."

அண்ணன் தூக்கினார். பாதி உயரத்தில் கை நின்றுவிட்டது. தோள்பட்டை இறுகிப்போய் ரொம்ப நாளாகிறது. யாரிடமும் அவர் சொன்னதில்லை. மதினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணாம் பாய்" என்றார் அண்ணன். "மகன் அளவுக்குச் செய்யிங்க. நாளைக்கு அவன்தானே வச்சிருக்கப் போறான்? லைசென்ஸ அவன் பேருக்கு மாத்த முடியும்ல?"

"ரொம்ப வருசமா வச்சிருக்கவுக வாரிசுக்கு மாத்தச் சொல்லி மனு குடுக்கலாம். பையன் எங்க?"

வீடியோ கால் போட்டார் அண்ணன். கார்த்தி ஆபீஸ் கேன்டீனில் இருந்தான்.

"ஏலே, கைய மடக்கி முழங்கையிலருந்து விரல் வரைக்கும் அளந்து சொல்லு."

"எதுக்குப்பா, சட்டைக்கா? நான் ஆன்லைன்லயே வாங்கிக்கிறேன்."

"சட்டை இல்லடா, துப்பாக்கிக்கு. நீ ஊருக்கு வந்தா உனக்குச் சேரணும்ல?"

கார்த்தி கரண்டியைக் கீழே வைத்தான். பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "அப்பா... நான் இங்க ஃப்ளாட் புக் பண்ணிட்டேன்ப்பா. தீபாவளிக்கு வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். எனக்கு வேணாம்ப்பா அது."

"சரிப்பா, சாப்பிடு" என்றார் அண்ணன். போனை வைத்தார்.

எனக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் அவரை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! இத்தனை வருஷம் அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டதெல்லாம் இந்தப் பையனுக்காகத்தானா? காதர் பாய் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே தெருவைப் பார்த்தார்.

"விட்ருங்க பாய்" என்றார் அண்ணன். "கட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதை ஒப்படைச்சிருறேன். தோட்டத்தையும் குத்தகைக்கு விட்டுர வேண்டியதுதான். யாருக்காக இனிமே?"

மதினி ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"குத்தகைக்கா? கடலை காய் பிடிச்சு நிக்குது. அதப் போட்டவ இங்கன நிக்கிறேன். யாருக்காகன்னு என்னையக் கேட்டீகளா?" பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பாய், வாரிசுன்னா பொண்டாட்டி வராதா?"

காதர் பாய் யோசிக்கவே இல்லை. "ஏன் வராது தங்கச்சி? நல்லா வரும். இத்தன வருசத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு அளவெடுங்க."

"இவளுக்கு எடுத்தா எனக்குச் சேராதேப்பா!" என்றார் அண்ணன். பழக்கதோஷம், என்ன செய்வது?

"ஒங்களுக்குத்தான் கையே ஏறலையே..." என்றார் பாய். அண்ணன் முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். அழுகையும் கொஞ்சம் கலந்த சிரிப்பு. டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார்.

கட்டை பொருத்துகிற அன்றைக்கு மறுபடி போனோம். பாய் இரும்பில் விளக்குக் கரியைத் தடவி மரத்தில் வைத்து எடுத்தார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவினார். மறுபடி வைத்தார், மறுபடி சீவினார். கடைசியில் மரமும் இரும்பும் ஒட்டிப் பிறந்த மாதிரி உட்கார்ந்தன. "கண்ண மூடிக்கிட்டுத் தோள்ல வைங்க தங்கச்சி. இப்பத் தொறங்க." மதினி திறந்தார். கழுத்தை வளைக்காமலே குழலின் முனை அவர் கண்ணுக்கு நேராக நின்றது. பரணில் உட்கார்ந்து காடு பார்த்த கண் அல்லவா!

மனு கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது. விசாரணைக்கு வந்தவர், "பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்று கேட்டாராம். "பரண்ல நிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு பன்னி பாக்கிறதில்ல சார்" என்றாராம் மதினி. அவர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கிடைக்கும் என்று நம்புகிறோம். அதுவரைக்கும் துப்பாக்கி அண்ணன் பொறுப்பில்தான், பீரோவுக்குள்தான். புதுக் கட்டையின் படத்தைக் குரூப்பில் போட்டோம். மரம் அருமை என்று எல்லாரும் எழுதினார்கள். யாருடைய அளவு என்று சொன்னதும் குரூப் அமைதியாகிவிட்டது. இன்றுவரை அமைதிதான்.

வாரிசைத் தேடி என் அண்ணன் பெங்களூர் வரைக்கும் போன் போட்டார். பக்கத்து ஸ்டூலில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்திருந்தால் போன் சார்ஜாவது மிஞ்சியிருக்கும்!